ஆறடி மறைப்பும் ஒரு வெட்டுக்காசும்

சிவனாண்டி நகராட்சியிலிருந்து வந்த நோட்டீசை மூன்றாம் முறையாகப் படித்தான். முதல் இரண்டு முறை என்ன போட்டிருந்ததோ அதேதான் மூன்றாம் முறையும் போட்டிருந்தது.

"என்னதான் எழுதியிருக்கு?" என்றாள் அவன் மனைவி வடிவம்மாள்.

"கிட்டங்கி பாக்க அசிங்கமா இருக்காம். தெருவுல போறவன் கண்ணுல படப்பிடாதாம். முன்னால ஆறடி ஒசரத்துக்கு மறைப்புக் கட்டணுமாம். மறைப்புக்கு வெளிய அஞ்சடி அகலத்துக்குச் செடிகொடி வைக்கணுமாம். ஒரு மாசத்துல செய்யலன்னா லைசென்சு கிடையாதாம்."

"மறைப்புதான் கட்டச் சொல்லியாச்சே. பெறவு செடி எதுக்கு?"

"மறைப்பும் அசிங்கமா இருந்துட்டா? அதை மறைக்கத்தான்."

கிட்டங்கி என்ற அந்தச் சரக்குக் கிடங்கால் தெருவுக்கு அழகு என்று சிவனாண்டியே சொல்ல மாட்டான். கப்பல்காரர்கள் வேண்டாம் என்று கழித்துவிடும் எண்ணெய்ப் பீப்பாய், அறுந்த வடம், துருப்பிடித்த சங்கிலி எல்லாவற்றையும் வாங்கி வந்து, வீட்டை ஒட்டிய திறந்த மனையில் குவித்து விற்பது அவன் தொழில். உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு தூத்துக்குடிக்கு வந்து அந்தத் தெருவில் குடியேறியவன். பக்கத்து மனையில் அப்போது இஞ்ஞாசி என்பவர் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். புதுத் துறைமுகம் வந்ததும் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். சிவனாண்டி மனையைக் குத்தகைக்குப் பிடித்து, கருப்பட்டியை விட்டுவிட்டுப் பீப்பாய்க்கு மாறினான். கருவாட்டு வாடையைச் சொல்லியே குத்தகையைக் குறைத்தான் என்பது அவனுக்குப் பெருமை.

இப்போது கையிலிருந்ததெல்லாம் பீப்பாயாகத்தான் இருந்தது. லைசென்சு போனால் அத்தனை இரும்பையும் தலையிலா தூக்கி வைத்துக்கொள்வது?

ஆனால் அவனை உண்மையில் சுட்டது ஆறடியும் அல்ல, ஐந்தடியும் அல்ல. 'பொதுமக்களிடமிருந்து வந்த மனுவின் பேரில்' என்ற வரிதான்.

"பொதுமக்கள்னா ஆரு? நம்ம தெருவுல பொதுமக்கள்னு ஆரு இருக்கா?"

"நம்மளைத் தவிர எல்லாரும்தான்," என்றாள் வடிவம்மாள்.

சிவனாண்டி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு ஜேசுபாதம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலி நேராகக் கிட்டங்கியைப் பார்த்துக் கிடந்தது. சிவனாண்டியைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று பட்டது. பத்து வருடமாக அவர் அப்படித்தான் சிரிக்கிறார் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவு வரவில்லை.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் உடன்குடிக்குப் போனான். அந்தச் சீமையில் கோழி களவு போனாலும், வேலிக்கல் நகர்ந்தாலும், செய்தவன் யாரென்று தெரியாவிட்டால் போலீசுக்குப் போவதற்கு முன்னால் சாமியிடம் போவார்கள். சாமி முன்னால் ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தால், செய்தவனைச் சாமி தேடிப் பிடித்துக்கொள்ளும். தேரி என்னும் செம்மணல் மேட்டுக்குள் சிவனாண்டி குடும்பத்துச் சுடலைமாடன் பீடம் இருந்தது. பூசாரி தளவாய் உளியைத் தீட்டிக்கொண்டே விசாரித்தார்.

"ஆரு மேல வெட்டணும்?"

"அதுதான் தெரியல. என் கிட்டங்கி மேல எவனோ மனு கொடுத்திருக்கான்."

"பேரு தெரியலன்னா ஒண்ணுமில்ல. சாமிக்கு அட்ரசு வேண்டாம். காரியத்தைச் சொல்லு, அதுவா போயிச் சேந்துரும்."

சிவனாண்டி ஒரு ரூபாயை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்ப மடியில் செருகிக்கொண்டு பத்துப் பைசாவை எடுத்தான். அலுமினியம், வெட்டுவதற்கும் சுலபம்.

"அந்த மனுவைக் கொடுத்தவன் ஆரா இருந்தாலும் சரி, சாமி," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "அவன் தொட்ட காரியம் ஒண்ணும் வெளங்கப்பிடாது. ஒண்ணு நெனச்சுச் செஞ்சா வேற ஒண்ணு நடக்கணும். ஒரு பய அவன் வாசலை மிதிக்கப்பிடாது."

உளி விழுந்தது. காசு இரண்டாகித் தெறித்தது.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ," என்றார் தளவாய். "வெட்டுன காசை நெனச்ச நேரம் திருப்ப முடியாது. வெட்டுனவனும், ஆரு மேல வெட்டுச்சோ அவனும் சேந்து வந்து இங்கன நின்னு தீர்த்தம் வாங்கணும். அப்பதான் எறங்கும்."

"திருப்புதது எதுக்கு? கெடக்கட்டும்," என்றான் சிவனாண்டி.

வந்ததுதான் வந்தோம் என்று உடன்குடியிலேயே ஒரு வண்டிப் பனையோலை வாங்கினான். பனங்காட்டுக்காரனுக்கு மறைப்பு என்றால் ஓலைதானே. கம்பு நட்டு, குறுக்கே கட்டி, ஆறடிக்கு ஏழடியாகவே ஓலைப்படல் வேய்ந்து முடித்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பீப்பாயும் தெரியவில்லை. சிவனாண்டிக்கு மனம் நிறைந்தது.

அது ஆடி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டான். மறுநாள் மத்தியானம் மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. படல் வெளியே விழாமல் உள்ளே விழுந்தது. விழுந்த படல் மேல் வரிசைப் பீப்பாயைத் தட்ட, அது கீழ் வரிசையைத் தட்ட, ஏழெட்டு பீப்பாய்கள் தெருவில் உருண்டோடின. ஒன்று சிவனாண்டியின் வலது கால் கட்டைவிரல் வழியாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்து இறங்கினார் பிளானிங் இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார். தனியாகத்தான் வந்தார்.

"இது என்னய்யா?"

"மறைப்பு சார். காத்துல விழுந்துட்டு. திரும்ப நட்டுருதேன்."

"நடக்கூடாது. எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்துல ஓலையா? ஒரு பீடி போதும், தெருவே போயிரும். விதியில என்ன சொல்லியிருக்கு? பச்சைப்பசேல்னு இருக்கணும். அடுத்த வாரம் வாரேன்."

சிவனாண்டி நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போகும்போது எதிர்வீட்டைப் பார்த்தான். சாமி வேலையை ஆரம்பித்திருக்க வேண்டுமே. ஜேசுபாதம் சட்டையில்லாமல் நின்று இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வே சிவனாண்டி, எடுத்துக்கிடும். மகனுக்குக் கப்பல்ல வேலை கெடச்சிருக்கு."

சிவனாண்டி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு குழம்பினான். அப்படியானால் இவர் இல்லை. வேறு யாரோ.

பச்சைப்பசேல் என்றால் என்ன செய்யலாம் என்று யோசித்தான். ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தி வளர்ப்பார்கள். பழைய கொடிக்கால் ஒன்றை அழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆள் உயர அகத்தியை வேரோடும் மண்ணோடும் தோண்டி லாரியில் ஏற்றி வந்தான். கிட்டங்கி முன்னால் நெருக்கமாக நட்டான். ஒரே நாளில் ஒரு தோப்பே எழும்பிவிட்டது. வீட்டுக்கு விலைக்கு வாங்கிய குடிதண்ணீரை அதற்கு ஊற்றினான். வடிவம்மாள் திட்டியதைக் காதில் வாங்கவில்லை.

அகத்திக்கீரைக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவனாண்டிக்கும் தெரியும். ஆனால் இன்ஸ்பெக்டரைத் தவிர வேறு ஜீவராசி எதையும் அவன் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. விடிந்து எழுந்து வந்தபோது, ஊரில் எத்தனை ஆடு உண்டோ அத்தனையும் அங்கே நின்றன. அகத்தி நின்ற இடத்தில் குச்சிகள் நின்றன. அது போதாதென்று, அகத்தி தீர்ந்த பிறகு ஆடுகள் வடத்தைக் கடித்துப் பார்த்திருந்தன.

"கொத்தமல்லி விதைச்சிருந்தா நமக்காவது ஆகியிருக்கும்," என்றாள் வடிவம்மாள்.

"ஏளா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு."

"வரட்டும். ஆட்டைக் காட்டுங்க."

ஒரு பகல்தான் கையில் இருந்தது. ஆடு தொடாத பச்சை எது என்று நொண்டி நொண்டி ஊரைச் சுற்றினான். சாலையோரம் வேம்பு நின்றது. கொப்பு கொப்பாக வெட்டி வந்து, கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கிட்டங்கி வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை வேப்பங்கொப்பைத் தொங்கவிட்டான். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. வடிவம்மாள் அன்று தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தடுத்திருப்பாள்.

மறுநாள் பால்காரி வரவில்லை. பீப்பாய்க்கு முன்பணம் கொடுத்தவர் தெருமுனைவரை வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பிப் போய்விட்டார். ஜேசுபாதத்தின் மனைவி அல்போன்சா நாலு இளநீரைக் கொண்டுவந்து தூரத்திலேயே வைத்துவிட்டு, "மாதா காப்பாத்துவா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"இளநி எதுக்கு?" என்று சிவனாண்டி கேட்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய வடிவம்மாள் வாசலைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டுனா என்ன அர்த்தம்னு தெரியாதா ஒங்களுக்கு? நம்ம வீட்டுல அம்மை போட்டிருக்குன்னு ஊரெல்லாம் பேசுது."

அவிழ்க்கலாம் என்று எழுந்தான். அதற்குள் சுகாதாரத்துறை ஜீப் வந்துவிட்டது. பெரியம்மை கண்ட வீட்டைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருந்த காலம் அது. யாரோ பரிசுக்கு ஆசைப்பட்டுவிட்டார்கள்.

"வீட்டுல ஆருக்கு?" என்றார் ஜீப்பிலிருந்து இறங்கியவர்.

"ஆருக்கும் இல்ல சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. பெறவு வேப்பிலை எதுக்கு?"

"கிட்டங்கி தெரியாம இருக்கதுக்கு."

"ஏன் நொண்டுதீரு?"

"பீப்பாய் உருண்டுட்டு."

"பீப்பாய் ஏன் உருண்டுச்சு?"

"மறைப்புக் கட்டினேன், சார்."

இறங்கியவர் தன்னோடு வந்தவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிவனாண்டியைப் பிடித்துக் கையில் அம்மை ஊசியைக் குத்தினார்கள். அடுத்து வடிவம்மாளுக்கு. சிவனாண்டிக்கு இரவோடு கை வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சலோடு படுத்தவன் சும்மா படுக்காமல் காற்றுக்காக வாசலில், அதே வேப்பிலைக்குக் கீழே படுத்தான். இனி ஊருக்குச் சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் தள்ளி சைக்கிளில் வந்தார். தெருமுனையிலிருந்தே பார்த்தார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தட்டும், பெறவு வாரேன்," என்று சொல்லியனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டார்.

படுத்துக் கிடந்த சிவனாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனு கொடுத்தவன் கஷ்டப்பட வேண்டும் என்றுதானே காசு வெட்டினான்? தெருவில் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். ஒருத்தனுக்குத் தும்மல்கூட இல்லை. அவன் ஒருவன்தான் காலும் போய் கையும் போய்க் கிடக்கிறான். பத்துப் பைசா வெட்டியதால் சாமிக்குக் கோபமோ என்று தோன்றியது. மனசு தாங்காமல் வடிவம்மாளிடம் சொல்லிவிட்டான்.

அவள் கையிலிருந்த கஞ்சிச் செம்பைத் தரையில் டக்கென்று வைத்தாள்.

"சும்மா கெடந்த சாமியை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கிய," என்றாள். "அது ஆளைத் தேடிப் பாத்திருக்கும். கெடைக்கல. நம்ம வாசல்லயே உக்காந்துட்டு. எந்திரிங்க. மனு கொடுத்தவன் ஆருன்னு கண்டுபிடிச்சு, அவன் காலுல விழுந்தாவது தேரிக்குக் கூட்டிட்டுப் போயித் தீர்த்தம் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நாம உருப்பட மாட்டோம்."

காய்ச்சல் விட்டதும் முதலில் ஜேசுபாதத்திடம் போனான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. என் கிட்டங்கி மேல மனு கொடுத்தது நீங்களா?"

ஜேசுபாதம் பேப்பரை மடித்தார். "வே, ஒம்ம கிட்டங்கி எனக்கு என்ன செஞ்சுது? கண்ணாடி போட்டா பேப்பரைப் பாப்பேன். கழட்டுனா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"கோவமில்ல அண்ணாச்சி. நீங்கன்னா எங்கூட ஒருக்க உடன்குடிக்கு வாங்க. காசு வெட்டிட்டேன், அதைத் திருப்பணும். அம்புட்டுத்தான்."

உள்ளேயிருந்து அல்போன்சா வந்தாள். "காசு வெட்டுனியா? இந்த வீட்டு மேலயா? உனக்கு அம்மைன்னு இளநி கொண்டாந்து வச்சேனே."

"ஒங்க மேலன்னு சொல்லல அக்கா. பொதுவாத்தான் வெட்டுனேன்."

பொதுவாக வெட்டியது என்று அவன் சொன்னதுதான் வினையாயிற்று. சாயங்காலத்துக்குள், சிவனாண்டி தெரு முழுவதின்மேலும் காசு வெட்டிவிட்டான் என்று பரவிவிட்டது. மறுநாள் அவன் ஒவ்வொரு வீடாகப் போய், "நீங்களா மனு கொடுத்திய? வாங்க, தேரிக்குப் போவோம்," என்று கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. அம்மைக்குப் பயந்தாவது இளநீர் வைத்தார்கள். இப்போது அதுவும் இல்லை. ஜேசுபாதம் நாற்காலியை எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்கச் சிவனாண்டிக்கு அழுகை வந்தது. பத்து வருடமாகத் தினமும் சிரித்த மனுசர். லைசென்சு போனால் போகட்டும், அவர் திரும்பி உட்கார்ந்தால் போதும் என்றுகூட நினைத்தான்.

கடைசியில் மறைப்பை எழுப்பியது வடிவம்மாள்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கிட்டங்கியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எதை மறைக்கணும்?"

"பீப்பாயை."

"பீப்பாயை வச்சே மறைங்க."

அது எப்படி என்று சிவனாண்டிக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னபடி செய்தான். நல்ல பீப்பாயாகப் பார்த்துப் பொறுக்கி, பச்சைப் பெயிண்டு அடித்து, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் போல அடுக்கினான். அடி வரிசையில் மண்ணைக் கொட்டிக் கனம் ஏற்றினான். காற்றால் அசைக்க முடியவில்லை. மேல் வரிசையில் மண் நிரப்பிக் கோவைக்கொடியும் பிரண்டையும் வைத்தான். கொடி கீழே தொங்கியது. வெளியே ஐந்தடி அகலத்துக்குப் பாதியாக வெட்டிய பீப்பாய்களை வைத்து அதிலெல்லாம் எருக்கும் கற்றாழையும் வைத்தாள் வடிவம்மாள். ஆடுகள் வந்தன, முகர்ந்து பார்த்தன, சிவனாண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டன.

கெடு முடிகிற நாளன்று ஆறுமுகநயினார் வந்தார். இந்த முறை அளவெடுக்க டேப்போடு ஆபீஸ் பியூன் பேச்சிமுத்துவையும் கூட்டி வந்திருந்தார். மனு கொடுக்கிறவர்களிடம் மனுவை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைக்கிறவர் அவர்தான். தெருவில் கதவுகள் லேசாகத் திறந்தன. ஜேசுபாதம் நாற்காலியைத் திருப்பவில்லை. ஆனால் பேப்பர் படிப்பதை நிறுத்தியிருந்தார்.

பேச்சிமுத்து டேப்பைப் பிடித்தார். ஆறடி இருந்தது. ஐந்தடியும் இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னும் பின்னும் நடந்தார்.

"பீப்பாயெல்லாம் எங்கய்யா?"

"உள்ள இருக்கு சார். வெளிய தெரியாது."

"பேஷ். இப்படித்தான் இருக்கணும். லைசென்சுக்கு நான் எழுதிருதேன்."

வடிவம்மாள் மோர் கொண்டுவந்தாள். சிவனாண்டிக்குச் சந்தோசம் பாதிதான் வந்தது. மீதிப் பாதி தேரிக்காட்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"சார், மனு கொடுத்தவரு ஆருன்னு மட்டும் சொல்லணும்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுய்யா. விதி."

இன்ஸ்பெக்டர் மோரைக் குடித்துவிட்டு சைக்கிளை எடுத்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவின் கையைப் பிடித்தான் சிவனாண்டி. கண் கலங்கிவிட்டது.

"பேச்சிமுத்து, நீரு சொல்லும்வே. சண்டைக்குப் போக மாட்டேன். எம்மேல அந்த ஆளுக்கு என்ன கோவம் இருந்தாலும் நான் மன்னிச்சுட்டேன். அவரும் என்னை மன்னிக்கணும். காசு வெட்டுனதுலயிருந்து தெருவுல ஒரு நாதி எங்கூடப் பேசல. அந்த மனுசனைக் கையைப் பிடிச்சுத் தேரிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். பேரை மட்டும் சொல்லும்."

ஜேசுபாதம் நாற்காலியோடு திரும்பிவிட்டார். அல்போன்சா வாசலுக்கே வந்துவிட்டாள்.

பேச்சிமுத்து சிவனாண்டியை மேலும் கீழும் பார்த்தார். ஆள் கேலி செய்கிறானா, காய்ச்சல் இன்னும் விடவில்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்குதிய? இஞ்ஞாசியார் இங்கன கருவாடு காயப்போட்ட காலத்துல, பக்கத்து வீட்டுல குடியிருக்க முடியல, இந்த மனைக்கு ஒரு மறைப்பு வேணும்னு மனு எழுதி எங்கையில கொண்டாந்து தந்தது நீங்கதான?"